முழுத்திரையில் முந்தானை: வாலாஜாபாத் வீடுகளுக்கு 24 குறிப்புகள்

வாலாஜாபாத்திலும், அங்கிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டையிலும் தறி உள்ள வீடுகளில் திரைகளுக்குக் குறைவில்லை. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி, கூடத்துச் சுவரில் ஸ்மார்ட் டிவி, ஆளுக்கொரு ஃபோன். ஆனால் கணினியில் ஒரு புடவையைத் திறந்து காட்டும்போது கவனியுங்கள். மேலே முகவரிப் பட்டை, அதன் கீழே புக்மார்க் வரிசை, அடியில் டாஸ்க்பார், நடுவில் தபால்தலை அளவுக்கு ஒரு முந்தானை. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் படத்தை மட்டும் நிறுத்த பிரவுசரிலேயே வசதி இருக்கிறது. இதற்கென்று எந்த ஆப்பும் வாங்க வேண்டாம். உள்ளே போகும் வழியையும் வெளியே வரும் வழியையும் தெரிந்துகொண்டால் போதும்.

1. விண்டோஸ் கணினியில் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் எதுவானாலும் எஃப் 11 விசையைத் தட்டுங்கள். பட்டைகள் மறைந்து பக்கம் மட்டும் நிற்கும். மறுபடி தட்டினால் பழையபடி ஆகிவிடும். மடிக்கணினியில் எஃப் 11 தட்டினால் ஒலியோ வெளிச்சமோ மாறுகிறதா? கீழே இடது மூலையில் இருக்கும் எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு தட்டவும். லினக்ஸ் போட்ட கணினியிலும் இதே விசைதான். ஆப்பிள் மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். விசைப்பலகையே பழுது என்றால், குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஜூம்' என்ற வரியின் கடைசியில் உள்ள சிறு சதுரத்தைச் சொடுக்கவும்.

2. முழுத்திரையில் இரண்டு வகை உண்டு. பலர் திணறுவது இங்கேதான். எஃப் 11 தட்டி நீங்களே போவது ஒன்று. வீடியோவின் மூலையில் உள்ள நான்கு முனைக் குறியைத் தொட்டதும் அந்தப் பக்கமே திரையை நிரப்பிக்கொள்வது இன்னொன்று. முதல் வகையிலிருந்து எஃப் 11 தட்டித்தான் வெளியே வரவேண்டும். இரண்டாம் வகையிலிருந்து எஸ்கேப் தட்டி வரலாம். எது எதுவென்று குழம்பினால் சுட்டியைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்துங்கள். குரோமில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி இறங்கி வரும், ஃபயர்பாக்ஸில் பட்டையே இறங்கி வரும். அங்கிருந்து மூடிக்கொள்ளலாம்.

இந்த இரண்டாம் வகை 2011, 2012 வாக்கில்தான் பிரவுசர்களுக்குள் வந்தது. அதற்கு முன் வீடியோவைப் பெரிதாக்க அடோபியின் ஃப்ளாஷ் வேண்டும். 'ஃப்ளாஷ் பிளேயரைப் புதுப்பியுங்கள்' என்று எந்தப் பக்கமாவது இன்று கேட்டால் நம்ப வேண்டாம். அதற்கான ஆதரவை 2020 முடிவில் அந்த நிறுவனமே நிறுத்திவிட்டது.

3. ஃபோனில் யூடியூப் பார்க்கும்போது படத்தின் மேல் விரலை வைத்து மேலே இழுத்தால் முழுத்திரை, கீழே இழுத்தால் பழைய அளவு. ஃபோனைச் சாய்த்தும் படம் திரும்பவில்லை என்றால் 'ஆட்டோ ரொட்டேட்' அணைந்திருக்கிறது என்று பொருள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் இரு விரலால் விரித்துவிடலாம். ஆனால் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். பாட்டுக் கச்சேரிக்கு அது பரவாயில்லை. கரை காட்டும் புடவை வீடியோவை மட்டும் விரிக்காதீர்கள்.

4. வைகாசியில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கருட சேவை, மாட்டுப் பொங்கலன்று அவர் பழைய சீவரத்துக்கு எழுந்தருளும் பார்வேட்டை. இதையெல்லாம் நேரில் போக முடியாத பெரியவர்கள் வீட்டில் நேரலையில் பார்க்கிறார்கள். கணினியில் யூடியூப் திறந்திருந்தால் எஃப் எழுத்தைத் தட்டினாலே முழுத்திரை. டி எழுத்து படத்தை அகலமாக்கும், ஆனால் பக்கம் மறையாது. கே தட்டினால் நிற்கும், ஜே தட்டினால் பத்து நொடி பின்னால் போகும். 'இப்போ கடந்துபோனது எந்த வாகனம்?' என்று தாத்தா கேட்டால் ஜே.

5. முழுத்திரைக்குப் போவதால் டேட்டா செலவாகிறதா என்று கேட்கிறார்கள். நேரடியாக இல்லை. ஆனால் தரத்தை 'ஆட்டோ'வில் விட்டிருந்தால், படம் பெரிதானதும் யூடியூப் தானாகத் தரத்தைக் கூட்டும், டேட்டா அங்கேதான் போகிறது. செங்கல்பட்டு ரயிலில் உட்கார்ந்து ஃபோனில் பார்ப்பவருக்கு 480 போதும். சின்னத் திரையில் அதற்கு மேல் வைத்தாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. டிவியில் போடும்போது 1080 வையுங்கள்.

6. புடவைப் படத்தை ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் அது ஃபோனில்தான் அழகு. டிவியிலோ கணினியிலோ முழுத்திரையில் போட்டால் நடுவில் ஒரு பத்தையும் இரண்டு பக்கம் கறுப்பும்தான் தெரியும். பெரும்பாலான திரைகள் 16-க்கு 9 என்ற அகல அளவில் வருகின்றன. ஆகவே ஒவ்வொரு புடவையையும் ஃபோனைப் படுக்கைவாட்டில் பிடித்து ஒரு முறை எடுத்து வைக்கவும். கரை படத்தின் நீளவாக்கில் ஓடட்டும், முந்தானை வலது பக்கம் விரிந்து இருக்கட்டும். புடவையை இப்படிப் போட்டால் திரையில் இடம் அதிகம் வீணாகாது.

7. வாட்ஸ்அப்பில் வந்து போன படத்தை டிவியில் முழுத்திரையாக்கினால் புட்டா எல்லாம் மங்கலாகத் தெரியும். அனுப்பும்போதே வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதுதான் காரணம். அனுப்பும் முன் மேலே உள்ள 'எச்டி' குறியைத் தொடவும். 2023-இல் வந்த வசதி இது. அதைவிட நல்லது, படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புவது. எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும். சாதாரண எச்டி டிவியில் குறுக்கே 1920 புள்ளிகள், 4கே டிவியில் 3840. படத்தில் அவ்வளவு புள்ளி இல்லையென்றால் டிவி இல்லாததை இட்டு நிரப்பும், ஜரிகை பிசிறடித்த மாதிரி தெரியும்.

8. நிறம்தான் பட்டு வியாபாரத்தில் பெரிய தலைவலி. மயில் கழுத்து என்று காட்டியது வீட்டுக்குப் போனதும் வெறும் பச்சை, வெங்காயத்தோல் என்று சொன்னது ரோஸ். வாங்கியவருக்கும் வருத்தம், விற்றவருக்கும் வருத்தம். முழுத்திரையில் காட்டும்போது அந்தத் தவறும் பெரிதாகத் தெரியும். எனவே காட்டும் முன் சில இடங்களைச் சரிபாருங்கள்.

விண்டோஸில் 'நைட் லைட்', ஐபோனில் 'நைட் ஷிஃப்ட்', 'ட்ரூ டோன்', சாம்சங்கில் 'ஐ கம்ஃபர்ட் ஷீல்டு'. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இவை திரையை மஞ்சளாக்கும். மாலை ஆனதும் தானாக இயங்கும்படி பலர் வைத்திருப்பார்கள். சாயங்காலம் வாடிக்கையாளரிடம் வாடாமல்லியைக் காட்டினால் அது அரக்குப் பக்கம் சாய்ந்து நிற்பது இதனால்தான். காட்டும் நேரத்துக்கு மட்டும் அணைத்துவிடவும். டிவியில் 'விவிட்', 'டைனமிக்' என்ற பட அமைப்பு எல்லா நிறத்தையும் கூட்டிக் காட்டும். கடையில் டிவி விற்பதற்கு அது சரி, புடவை விற்க உதவாது. 'மூவி' அல்லது 'சினிமா' என்று மாற்றுங்கள். முதல் பார்வைக்கு மங்கலாகத் தோன்றினாலும் நிறம் புடவைக்கு நெருக்கமாக இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் வாங்குபவரின் திரை எப்படி இருக்கிறது என்பது நம் கையில் இல்லை. அதனால் புடவைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுங்கள். தாள் அவர் திரையில் மஞ்சளாகத் தெரிந்தால் புடவையும் அந்த அளவுக்கு மஞ்சளாகத்தான் தெரியும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

9. கோர்வையைக் கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில், தனித்தனி நாடாவில் ஓடி, ஒன்றோடொன்று கோத்து வரும் அந்த இணைப்பில்தான் நெசவாளியின் கை தெரிகிறது. கரையின் மறுபக்க நாடாவுக்கு இன்னொருவர் உட்கார்ந்து உதவிய காலமும் உண்டு. அந்த இடத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் கிட்டப் போய் ஒரு படம், புடவையைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு படம் எடுங்கள். பிரவுசரில் திறந்து எஃப் 11 தட்டி, படத்தின் மேல் ஒரு முறை சொடுக்கினால் உண்மையான அளவுக்கு விரியும். இரு நிறமும் பல் பல்லாகக் கோத்திருப்பது இழை இழையாகத் தெரியும். அடுத்த படமாகச் சில்க் மார்க் சீட்டைக் காட்டுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் வாய்ச்சொல்லைவிட வாங்குபவர் கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புகிறார்.

10. மடிக்கணினியை டிவியோடு இணைக்க ஓர் எச்டிஎம்ஐ கேபிள் போதும். இணைத்ததும் விண்டோஸ் விசையோடு பி தட்டவும். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே படம். 'எக்ஸ்டெண்ட்' என்றால் டிவி தனித் திரையாகிவிடும். பிரவுசரை டிவிப் பக்கம் இழுத்துவிட்டு எஃப் 11 தட்டினால் அங்கே புடவை மட்டும், இங்கே உங்கள் விலைப் பட்டியல் மட்டும். வீட்டுக்கு வந்த வாடிக்கையாளர் எதிரில் கொள்முதல் விலையைத் திறந்து பார்க்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

11. டிவியில் கரை காணாமல் போகிறதா? கணினியில் முழுசாகத் தெரிந்த படம் டிவியில் நான்கு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்பட்டு வரும். 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர், பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சினிமாவில் அந்த விளிம்பு போனால் யாருக்கும் தெரியாது. புடவையில் போவது ஜரிகைக் கரை. டிவி ரிமோட்டில் பட அளவு அமைப்புக்குப் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்ஸல்' என்று எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கவும். நிறுவனத்துக்கு ஒரு பெயர், வேலை ஒன்றுதான்.

12. திரையை நிரப்பிப் புடவை நிற்கும்போது மேலே 'சீட்டுப் பணம் எப்போ தருவீங்க அண்ணே?' என்று ஒரு செய்தி எட்டிப் பார்த்தால் அதைவிடச் சங்கடம் வேறில்லை. ஃபோன் திரையை டிவிக்கு அனுப்பும் முன் 'டு நாட் டிஸ்டர்ப்' போடவும். விண்டோஸ் 11-இல் நோட்டிஃபிகேஷன் அமைப்பில், முழுத்திரையில் ஆப் ஓடும்போது தானாக அறிவிப்புகளை நிறுத்தும் ஒரு தேர்வு இருக்கிறது. அது இயங்குகிறதா என்று பார்த்து வையுங்கள்.

13. சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருப்பவருக்கு வீடியோ அழைப்பில் காட்டும்போது கேமராவின் முன் புடவையைத் தூக்கிப் பிடிப்பதைவிட, படத்தைத் திரைப் பகிர்வில் அனுப்புவது தெளிவு. பகிரும்போது 'முழு ஸ்கிரீன்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 'டேப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் வேறு பக்கம் போனாலும் அவருக்கு அந்த ஒரு டேப் மட்டும்தான் தெரியும். அவரிடமும், 'அம்மா, என் படத்து மேல ரெண்டு தட்டு தட்டுங்க, பெருசா தெரியும்' என்று சொல்லுங்கள். பலர் சிறு கட்டத்திலேயே பார்த்துவிட்டு 'வேலைப்பாடு தெரியலையே' என்று போய்விடுகிறார்கள்.

14. பேச்சு நடுவில் திரை இருண்டு போகாமல் இருக்க, ஃபோனின் 'ஸ்கிரீன் டைம்அவுட்' பத்து நிமிடத்தில் இருக்கட்டும். காட்டி முடித்ததும் பழையபடி 30 நொடிக்கு மாற்றிவிடுங்கள், பேட்டரி பிழைக்கும்.

15. புடவைப் படம் பார்க்க ஃபோனை வாடிக்கையாளர் கையில் கொடுக்கிறீர்கள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்க் குடும்பப் படத்துக்கு வந்துவிடுகிறார். குழந்தைகள் கையில் கொடுத்தாலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்று ஒரு வசதி இருக்கிறது (சில ஃபோன்களில் 'பின் ஆப்' அல்லது 'பின் விண்டோஸ்'). 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதலே உண்டு. பாதுகாப்பு அமைப்பில் அதைத் திறந்து, வெளியேற பின் எண் கேட்கும்படி வைத்துவிட்டால், திறந்திருக்கும் ஆப்பைவிட்டு வேறெங்கும் போக முடியாது. ஐபோனில் இதற்கு 'கைடட் அக்சஸ்' என்று பெயர், பக்கத்துப் பட்டனை மூன்று முறை தட்டினால் வரும். ஆனால் இது ஆப்பைத்தான் பூட்டும், ஆல்பத்தைப் பூட்டாது. அதனால் புடவைப் படங்களைக் கேலரியில் வைத்துக் காட்டாமல் பிரவுசரில் ஒரு பக்கமாகத் திறந்து பின் செய்யுங்கள்.

16. அடிக்கடி போகும் இணையப் பக்கத்தை ஆப் மாதிரி முகவரிப் பட்டை இல்லாமல் திறக்கலாம். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்'. ஐபோனில் சஃபாரியின் பகிர்வுக் குறி, அதே வரி. முகப்பில் ஒரு சின்னம் உட்காரும். அந்தத் தளம் இதற்குத் தயாராகக் கட்டப்பட்டிருந்தால் அதைத் தொட்டதும் திரை முழுக்க விரியும். நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது ஃப்ளிப்கார்ட். 2015-இல் ஃபோன் பிரவுசர் கடையை மூடி ஆப் மட்டும் போதும் என்றது, அதே ஆண்டு நவம்பரில் 'ஃப்ளிப்கார்ட் லைட்' என்ற பெயரில் பிரவுசருக்கே திரும்பி வந்தது. ஃபோனில் இடமில்லாதவர்களும் வேகம் குறைந்த இணைப்பு உள்ளவர்களும் ஆப் இறக்க மாட்டார்கள் என்பது பெங்களூரில் இருக்கும் அந்த நிறுவனத்துக்கும் புரிந்தது. சிறு கடைக்காரருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. பிளே ஸ்டோரில் ஆப் போடும் செலவு இல்லாமலே வாடிக்கையாளர் ஃபோன் முகப்பில் உங்கள் கடை இருக்கும்.

17. ஜக்கார்டு டிசைன் போடும் பிள்ளைகளுக்கு: கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்பது கணினியில் ஒரு புள்ளி. டிசைனைப் பிரவுசரில் திறந்து பார்க்கும்போது எஃப் 11 தட்டினால் மேலும் கீழும் பல வரிசை கூடுதலாகக் கிடைக்கும், அன்னமோ யாளியோ தலை முதல் வால் வரை ஒரே பார்வையில் வரும். பெரிதாக்கும் அளவு 100, 200, 400 என்று முழு மடங்காக இருக்கட்டும். 130, 175 என்று வைத்தால் சில கட்டம் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். அதைப் பார்த்துத் திருத்தப் போனால் சரியாக இருந்ததும் கெடும், அட்டை குத்திய பிறகுதான் புரியும்.

18. கடை வாசலில் ஒரு திரை வைத்துப் புடவைகளை ஓடவிட நினைப்பவர்கள் பிரவுசரைக் 'கியோஸ்க்' நிலையில் திறக்கலாம். குரோம் ஷார்ட்கட்டின் மேல் வலது சொடுக்குப் போட்டு 'பிராப்பர்ட்டீஸ்' போங்கள். 'டார்கெட்' வரியின் கடைசியில் ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடு, ஒட்டினாற்போல் ஆங்கிலத்தில் கியோஸ்க் என்ற சொல், மறுபடி இடைவெளி, பிறகு உங்கள் பக்கத்தின் முகவரி. திறந்திருக்கும் குரோம் எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்தச் சின்னத்தைத் தொட்டால் பட்டை, பட்டன் எதுவும் இல்லாமல் திறக்கும். எஃப் 11 அங்கே உதவாது. ஆல்ட் விசையோடு எஃப் 4 தட்டினால்தான் மூடும். ஒரே படத்தை நாள் முழுக்க நிறுத்தி வைக்காதீர்கள், ஓலெட் டிவியாக இருந்தால் நிழல் படிந்துவிடும்.

19. கடைக்கு இணையதளம் போட்டுத் தரும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பக்கம் திறந்தவுடன் திரையை நிரப்ப முயல வேண்டாம், பிரவுசர் விடாது. 'ரிக்வெஸ்ட் ஃபுல்ஸ்கிரீன்' என்ற கட்டளை, பார்ப்பவர் எதையாவது தொட்டால்தான் வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு புடவைப் படத்தின் மூலையிலும் ஒரு பட்டன் வையுங்கள், அது விரலுக்குச் சிக்கும் அளவில் இருக்கட்டும். அடுத்த புடவைக்குப் போகும்போது புதுப் பக்கத்துக்குத் தாவினால் முழுத்திரை கலைந்துவிடும், அதே பக்கத்திலேயே படத்தை மாற்றுங்கள். படத்தைத் திரைக்கு வெட்டாமல் 'கன்டெய்ன்' என்று பொருத்துங்கள். 'கவர்' போட்டால் கரை வெட்டுப்படும், நெய்தவர் வயிறு எரியும். முழுத்திரையில் பின்னணி தானாகவே கறுப்பாகும். அரக்கு, கருநீலப் புடவைகள் அதில் விளிம்பு தெரியாமல் கரையும் என்பதால் 'பேக்டிராப்' நிறத்தை வெளிர் சாம்பலாக மாற்றலாம். யூடியூப் வீடியோவைப் பக்கத்துக்குள் பதித்தால் 'அலோ' பகுதியில் ஃபுல்ஸ்கிரீன் என்பதைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அந்தப் பட்டனே செத்திருக்கும்.

ஐபோன் விஷயம் தனி. ஆப்பிள் நெடுங்காலம் ஐபோன் சஃபாரியில் வீடியோவுக்கு மட்டும்தான் முழுத்திரை அனுமதி கொடுத்தது, ஐபேடில் மற்றவற்றுக்கும் கொடுத்தது. அதனால் உங்கள் பட்டன் ஐபோனில் வேலை செய்யாவிட்டால் படத்தைப் பக்க அளவுக்கு விரிக்கும் மாற்று வழி ஒன்றையும் எழுதி வையுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களில் ஐபோன்காரர்கள் நிறைய.

20. கேம்பஸ் தேர்வு, கம்பெனி நுழைவுத் தேர்வு என்று வீட்டிலிருந்தே எழுதும் பிள்ளைகள் கவனிக்க. பல தேர்வுப் பக்கங்கள் முழுத்திரையில்தான் ஓடும். எஸ்கேப் தட்டினாலோ வேறு டேப் போனாலோ பிரவுசர் அதைப் பக்கத்துக்குச் சொல்லிவிடும். குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினால் தேர்வே மூடிக்கொள்ளலாம். தொடங்கும் முன் வாட்ஸ்அப் வெப், அப்டேட் நினைவூட்டல், ஆன்டிவைரஸ் அறிவிப்பு எல்லாவற்றையும் அணைக்கவும். சார்ஜரைச் செருகியே வைக்கவும். வீட்டில் உள்ளவர்களும் 'இந்தப் புடவையைக் கொஞ்சம் அனுப்பிடும்மா' என்று அந்த ஒரு மணி நேரம் கேட்காமல் இருப்பது நல்லது.

21. நாள் முழுக்கத் தறியில் கண்ணை ஊன்றிய பெரியவர்களுக்கு எழுத்து பெரிதாக வேண்டும். எஃப் 11 மட்டும் எழுத்தைப் பெரிதாக்காது, இடத்தைத்தான் கூட்டும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து வளரும், பூஜ்யம் தட்டினால் பழைய அளவு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் செய்தித்தாள் பக்கத்தைக் கண்ணாடி இல்லாமலே படித்துவிடலாம்.

22. எல்லா வேலைக்கும் முழுத்திரை ஆகாது. சங்கக் கணக்கையும் கூலிச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். விண்டோஸ் விசையோடு இடது அம்பு தட்டினால் ஒன்று இடது பாதியில் நிற்கும், வலது அம்பு தட்டினால் மற்றது வலது பாதியில்.

23. வங்கி, யுபிஐ, மின்கட்டணம், ஆதார் போன்ற பக்கங்களை ஒருபோதும் முழுத்திரையில் திறக்காதீர்கள். முகவரிப் பட்டை மறைந்துவிடுகிறது, நீங்கள் நிற்பது எந்தத் தளம் என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஃபெராஸ் அபூகதிஜே 2012-இல் இதைச் செய்து காட்டினார். வங்கியின் இணைப்பு போலத் தெரிவதைத் தொட்டதும் பக்கம் முழுத்திரைக்குப் போகும், அங்கே முகவரிப் பட்டை, பூட்டுக் குறி எல்லாம் படமாக வரைந்து வைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் வங்கியில் இருப்பதாக நினைத்துக் கடவுச்சொல்லைப் போடுவார். இப்படி ஏமாற்ற முடியும் என்பதால்தான் ஒரு பக்கம் முழுத்திரைக்குப் போகும்போது பிரவுசர் மேலே வெளியேறும் விசையைச் சில நொடி காட்டுகிறது. நீங்கள் வீடியோவைத் தொடாமல் வேறெதையோ தொட்டபோது அந்த அறிவிப்பு வந்தால், உடனே எஸ்கேப் தட்டுங்கள்.

24. கடைசிக் குறிப்பை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். ஏதோ ஒரு பக்கத்தில் தொட்டதும் திரை முழுக்க 'உங்கள் கணினி முடக்கப்பட்டது' என்று சிவப்பு எழுத்து, அலறும் ஒலி, அழைக்க ஒரு எண். சில சமயம் காவல்துறையின் சின்னமோ மத்திய அமைச்சகத்தின் பெயரோ போட்டு, அபராதத்தை உடனே கார்டில் கட்டச் சொல்லும். கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது வெறும் இணையப் பக்கம், முழுத்திரையில் நின்று மிரட்டுகிறது, அவ்வளவுதான். எந்தக் காவல் நிலையமும் பிரவுசரில் அபராதம் வசூலிப்பதில்லை.

எஸ்கேப் விசையைத் தட்டிப் பாருங்கள், வராவிட்டால் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆல்ட்டும் எஃப் 4-உம். அதற்கும் இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் பிரவுசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லையா, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கவா?' என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும். திரையில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். அவர்கள் சொல்லும் எதையும் கணினியில் இறக்காதீர்கள். பணம் போய்விட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. அந்த எண்ணை இன்றே தறிக்கூடத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.